காலடி மண்ணையும் ஓதிப் படிப்போம்!

(இளைஞர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. இந்திய நேரப்படி காலை 6.29 மணிக்கு சுமத்ரா தீவருகே கடலுக்கடியில் 9.1 அளவுள்ள நிலநடுக்கம். ஆழிப்பேரலை நாகப்பட்டினத்தை வந்தடைய இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் 6 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

இரண்டு மணி நேரம் சகோதரர்களே! கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு மெதுவாக நடந்திருந்தாலும் தப்பிவிடக்கூடிய நேரம். யாரும் நமக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் புரிந்துகொள்ளும் கல்வி நம்மிடம் இல்லை.

அன்று நம் இளைஞர்கள் சாதி, மதம் பாராமல் உடல்களைத் தோளில் சுமந்தார்கள், அடக்கம் செய்தார்கள், சோறாக்கிப் போட்டார்கள். அல்லாஹ் அதற்குரிய கூலியைத் தருவானாக! ஆனால் இறந்தவர்களுக்குச் செய்ய வேண்டியதை அறிந்திருந்த நாம், இருப்பவர்களுக்குக் கற்றுக் கொடுக்க வேண்டியதை மறந்திருந்தோம்.

என் தவறையும் சொல்லிவிடுகிறேன். மதரஸாவில் ஓதி முடித்த புதிது. கடற்கரை ஊர் ஒன்றில் பயான் செய்தபோது, 'இது பாவங்களுக்குக் கிடைத்த தண்டனை' என்று முழங்கினேன். பயான் முடிந்ததும் ஒரு தகப்பனார் அருகில் வந்தார். "என் பிள்ளைக்கு நாலு வயசு ஹஜ்ரத். அது என்ன பாவம் செஞ்சது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் மரணித்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. அந்த மரணத்துக்காகவே கிரகணம் பிடித்தது என்று மக்கள் பேசினார்கள். நபியவர்கள் உடனே அதை மறுத்தார்கள். தன் வீட்டுத் துக்கத்துக்கே வானத்தைச் சாட்சியாக்க மறுத்த தலைவரின் உம்மத் நாம். பிறர் வீட்டுத் துக்கத்துக்கு நான் தீர்ப்பு எழுதியது எவ்வளவு பெரிய பிழை!

நடந்தது என்ன? நாம் நிற்கும் இந்தியத் தட்டு, சுமத்ரா முதல் அந்தமான் வரை பக்கத்துத் தட்டின் அடியில் மெல்ல நுழைந்துகொண்டே இருக்கிறது. நெடுங்காலமாகச் சேர்ந்த இறுக்கம் அன்று அவிழ்ந்தது. சுமார் 1,300 கி.மீ. நீளத்துக்குப் பாறை நழுவி, கடல்தரை எழும்பித் தண்ணீரைத் தள்ளியது. ஆழ்கடலில் அந்த அலை விமான வேகத்தில் ஓடும். கரை நெருங்கும்போது வேகம் குறைந்து உயரம் கூடும். அது ஒரே அலையல்ல, அலைகளின் தொடர். முதல் அலை ஓய்ந்ததும் கரைக்கு ஓடிப் பார்ப்பதுதான் ஆபத்து.

இதை அறிந்தவர்கள் பிழைத்தார்கள். நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில், இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்தில் சிமலூ என்றொரு தீவு. நம் முஸ்லிம் சகோதரர்கள் வாழும் தீவு. 1907-ல் அங்கே கடல் பொங்கி ஏராளமானோர் மாண்டார்கள். அதற்கு 'ஸ்மோங்' என்று பெயரிட்டு, 'நிலம் பலமாக ஆடிக் கடல் உள்வாங்கினால் மலைக்கு ஓடு' என்று பாட்டிமார்கள் பேரப்பிள்ளைகளுக்குத் தாலாட்டிலும் கதையிலும் சொல்லி வந்தார்கள். 2004-ல் அலை வருவதற்குள் கிடைத்தது சில நிமிடங்களே. ஒலிபெருக்கி இல்லை, வானொலி அறிவிப்பு இல்லை. 'ஸ்மோங்!' என்ற கூவல் மட்டும்தான். சுமார் 78 ஆயிரம் மக்களில் இறந்தவர்கள் 7 பேர்!

தாய்லாந்துக் கடற்கரையில் டில்லி ஸ்மித் என்ற 10 வயது ஆங்கிலேயச் சிறுமி, இரண்டு வாரம் முன்பு வகுப்பில் படித்த பாடத்தை நினைவில் வைத்துக் கடலின் மாற்றத்தை அடையாளம் கண்டாள். சுமார் 100 பேர் உயிர் தப்பினார்கள்.

இந்தக் கல்வி நமக்குப் புதிதல்ல. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியா வந்த அல்பீரூனி, மலையடிவாரத்தில் பெரிதாக இருக்கும் உருண்டைக் கற்கள் ஆற்றோடு போகப் போகச் சிறுத்து, கடலருகே மணலாவதைக் கவனித்தார். வடஇந்தியச் சமவெளி ஒரு காலத்தில் கடலாக இருந்து வண்டலால் தூர்ந்தது என்று எழுதினார். அவருடைய வாரிசுகள் என்று பெருமை பேசும் நம் மஹல்லாவில் நிலவியல் படித்த பிள்ளைகள் எத்தனை பேர்? டாக்டர், இன்ஜினியர், இல்லையென்றால் வளைகுடா. இதைத் தாண்டி நாம் யோசித்திருக்கிறோமா?

ஆகவே நான்கு வேலைகளை முன்வைக்கிறேன்.

ஒன்று: கடலோர மக்தப் மதரஸாக்களில் ஓதும் பிள்ளைகளுக்கு சுனாமியின் அடையாளங்களையும், மேட்டுக்கு ஓட வேண்டிய பாதையையும் கற்றுக் கொடுப்போம். 99-வது அத்தியாயமான ஸில்ஸாலை மனனம் செய்யும் பிள்ளைக்கு நிலம் ஏன் நடுங்குகிறது என்பதும் தெரியட்டும்.

இரண்டு: ஹைதராபாத்தில் 2007 முதல் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. அங்கிருந்து செய்தி வந்தால் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் யார் அறிவிப்பது என்பதை ஜமாஅத் இன்றே முடிவு செய்யட்டும்.

மூன்று: ஆண்டுக்கொரு முறை பிள்ளைகளை அரியலூர்ப் பகுதிக்கும், திருவக்கரை கல்மரப் பூங்காவுக்கும் அழைத்துச் செல்வோம். இன்றைய வயற்காடு அன்று கடலாக இருந்ததை அரியலூரில் கிளிஞ்சல்கள் சொல்லும்.

நான்கு: பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்கு நிலவியலை அறிமுகப்படுத்துவோம். சென்னை மாநிலக் கல்லூரியிலும், அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்திலும் இந்தத் துறை உண்டு. படித்தவர்கள் யு.பி.எஸ்.சி. தேர்வு எழுதி, 1851-ல் தொடங்கப்பட்ட இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்தில் சேரலாம். கட்டணம் கட்ட முடியாத பிள்ளைக்கு பைத்துல்மால் உதவட்டும்.

'எல்லாம் தலைவிதி' என்று சும்மா இருப்பது தவக்குல் அல்ல. முதலில் ஒட்டகத்தைக் கட்ட வேண்டும், அதன் பிறகு இறைவனிடம் பொறுப்புச் சாட்ட வேண்டும் என்பதே நபிவழி. நிலநடுக்கத்தைத் தடுக்க நம்மால் முடியாது. அறியாமையைத் தடுக்க முடியும்.

இன்று அந்தத் தகப்பனார் என் எதிரே வந்தால், அவருக்குத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஸலாம் சொல்லி, 'வாப்பா, உங்கள் தெருப் பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுக்க வந்திருக்கிறேன்' என்பேன். நீங்களும் உங்கள் தெருவில் இந்த வாரமே தொடங்குங்கள். வல்ல அல்லாஹ் துணை நிற்பான், இன்ஷா அல்லாஹ்!