மகளுக்கும் ஏழு குழி



பல்லாங்குழிப் பலகையில் குழிகள் 14. தாய்க்கு 7, மகளுக்கு 7. குழிக்கு 5 புளியங்கொட்டை இட்டால் ஆக 70. கையிலெடுத்த காய்களைக் குழிக்கொன்றாய் இட்டுச் செல்லும் சிறுமி, இறுதிக் காய் எங்கு விழும் என்று முன்னரே எண்ணப் பழகுகிறாள். பள்ளிக்குச் செல்லுமுன்பே அவளுக்கு எண்ணறிவு ஊட்டுபவள் தாயே! தாயின் விரலைப் பார்த்தே மகள் கற்கிறாள்.

ஆயின், ஆட்டம் முடிந்து உணவு வேளை வந்ததும் நிகழ்வது என்ன? மகன் இலைமுன் அமர்கிறான். மகள் நீர் மொண்டு வர எழுகிறாள். அவன் நூலைத் திறக்கும் வேளையில் அவள் கையில் துடைப்பம்! பலகை கற்பித்த ஒப்புமையை அடுக்களை அழித்துவிடுகிறது. இதையும் அவள் தாயைப் பார்த்தே கற்கிறாள்.

1929-இல் செங்கற்பட்டுத் தன்மான மாநாடு, உடைமையில் பெண்ணுக்கும் ஒத்த உரிமை வேண்டும் என்றது. அறுபதாண்டு கழிந்து, 1989 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுச் சட்டம், இந்துக் குடும்பங்களின் வழிவழி உடைமையில் மகனுக்கொத்த பிறப்புரிமையை மகளுக்கும் தந்தது. 2005-இல் அவ்வுரிமை இந்தியா முழுமைக்குமான சட்டத்தில் இடம்பெற்றது. சட்டம் நிலத்தைப் பங்கிடும், மாலைப்பொழுதைப் பங்கிடுமா? அது பெற்றோர் கையிலன்றோ உள்ளது!

வீட்டில் ஒப்பப் பெறாதவள் வெளியே உரிமை கேட்க எங்ஙனம் நாவெழுவாள்? தந்தையரே, உண்ட கலத்தை நீங்களே கழுவுங்கள்! தாய்மாரே, மகனிடம் நீர்க்குடத்தைக் கொடுங்கள். மகளைப் படிக்க விடுங்கள்! இன்றிரவே தொடங்குங்கள்!