விரலுக்கு ஏற்ற விசை



தானா ராத்தாவிலோ ரிங்லட்டிலோ சம்பளம் போட்ட மறுநாள் பணம் எடுக்கும் இயந்திரத்தின் முன்னால் சற்று நேரம் நின்று பாருங்கள். வரிசை நகரும். வயதான அம்மா ஒருவரின் முறை வரும்போது மட்டும் நின்றுவிடும். அவர் திரும்பிப் பார்த்து, பின்னால் நிற்கும் யாரோ ஒரு பிள்ளையிடம் அட்டையை நீட்டுவார். இரகசிய எண்ணையும் வாய்விட்டே சொல்லிவிடுவார். "எனக்கு இதெல்லாம் ஏறாது தம்பி, நீயே எடுத்துக் கொடு" என்பார்.

முப்பது வருடம் வழுக்கும் மலைச்சரிவில் கொழுந்து எடுத்தவர் அவர். எந்தக் கொழுந்து பருவம், எது முற்றல் என்பதைத் தொட்டே சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர் ஒரு பெட்டியின் முன்னால் நின்று தம்மையே குறை சொல்லிக்கொள்கிறார். பெட்டியை யாரும் குறை சொல்வதில்லை. இன்று நாம் குறை சொல்லப் போவது பெட்டியைத்தான். அதற்குள் ஓடும் மின்சாரத்தை விட்டுவிடுவோம். நம் கண்ணுக்கும் விரலுக்கும் எதிரே இருக்கிற அதன் முகத்தைப் பார்ப்போம். கணினித் துறையினர் இதற்கு இடைமுகம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

வீட்டில் கைப்பேசி இருந்தால் கையில் எடுங்கள். எண் சுழற்றும் பக்கத்தைத் திறந்தால் 1, 2, 3 மேல் வரிசையில் இருக்கும். கணக்குப் போடும் பக்கத்தைத் திறந்தால் 7, 8, 9 மேலே ஏறி, 1, 2, 3 கீழே இறங்கியிருக்கும். ஒரே கைப்பேசிக்குள் இரண்டு ஒழுங்கு! கணக்குப் பொறிகளின் ஒழுங்கு பழைய கூட்டல் இயந்திரங்களிலிருந்து வந்தது. தொலைபேசியின் ஒழுங்கோ ஆட்களை வைத்துச் சோதித்துப் பெற்றது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜான் கார்லின் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1950-களில் அந்த வேலையைச் செய்தார்கள். எண்களை வட்டமாக வைத்துப் பார்த்தார்கள், இரண்டு வரிசையாக வைத்துப் பார்த்தார்கள், மூன்று மூன்றாகவும் அடுக்கிப் பார்த்தார்கள். சாதாரண மனிதர்களை அழைத்து அழுத்தச் சொல்லி, எதில் வேகம், எதில் பிழை, எது பிடிக்கிறது என்று குறித்துக்கொண்டார்கள். அந்தப் பொத்தான் தொலைபேசி 1963-இல் பயன்பாட்டுக்கு வந்தது. ஒரு பொத்தான் எங்கே இருக்க வேண்டும் என்பதற்கு இத்தனை பாடு.

நம் தமிழுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. யாழ்ப்பாணத்தில் 1886-இல் பிறந்த ஆர். முத்தையா, இளம் வயதிலேயே மலாயா, சிங்கப்பூர்ப் பக்கம் வேலைக்கு வந்தவர். தமிழ்த் தட்டச்சுப் பொறியை வடிவமைத்தவர் அவரே. 247 எழுத்துகளை ஒரு சிறிய விசைப்பலகைக்குள் அடக்குவது எளிதா? பொறியின் வண்டி ஒவ்வோர் எழுத்துக்கும் நகர்ந்துவிடும். புள்ளிக்கு அது நகரக் கூடாது. ஆகவே 'ம்' அடிக்க முதலில் புள்ளியைத் தட்டி, அதன் பிறகு 'ம' தட்ட வேண்டும். 'கெ' அடிக்க முதலில் கொம்பு, பிறகு 'க'. நாம் சொல்வது ஒரு வரிசை, விரல் தட்டுவது வேறொரு வரிசை. இரும்புப் பொறிக்கு அது தேவைப்பட்டது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

கணினியில் நகரும் வண்டி கிடையாது. இருந்தும் பழைய வரிசையிலேயே பலர் தட்டிக்கொண்டிருந்தார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடியது. தமிழ்நாடு அரசு அதே ஆண்டில் ஒரு விசைப்பலகையைத் தரமாக அறிவித்தது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு போதும். முதல் 'ம'வின் தலையில் புள்ளியைக் கணினியே வைத்துவிடும். மனிதன் இயந்திரத்துக்காகத் தலைகீழாக நினைத்த காலம் போய், இயந்திரம் மனிதனுக்காக நினைக்கிறது. நம் மலேசியரான முத்து நெடுமாறன் 1985-இல் தொடங்கிய முரசு மென்பொருளில் இன்னொரு வழியும் வந்தது. ஒலியை ஆங்கில எழுத்தில் தட்டினால் திரையில் தமிழ் தோன்றும். எது சிறந்தது என்று சண்டை போடுகிறவர்கள் உண்டு. எங்கள் கருத்தில் அது வீண் சண்டை. ஆங்கில விசை பழகிய மாணவிக்கு ஒலி முறை எளிது. தமிழ் மட்டுமே படித்த தாத்தாவுக்கு அது சுவர்.

எழுத்தே தெரியாதவர்களுக்கு என்ன செய்வது? படம் போட்டால் போதுமே என்று தோன்றும். பெங்களூரில் வீட்டுவேலை செய்யும் பெண்களுக்காக இந்திராணி மேதி என்ற ஆய்வாளர் 2000-களின் நடுவில் எழுத்தில்லாத் திரைகளைச் செய்து சோதித்தார். அசைவில்லாத சமையலறைப் படத்தைக் காட்டினால் அதை ஓர் இடம் என்று எடுத்துக்கொண்டார்கள். குழாயிலிருந்து தண்ணீர் விழுவதுபோல், பாத்திரத்திலிருந்து ஆவி எழுவதுபோல் வரைந்த பிறகுதான் அது ஒரு வேலையைக் குறிக்கிறது என்று புரிந்தது. மேசையில் உட்கார்ந்து யோசித்தால் இது பிடிபடுமா?

விரலையும் மறக்கக் கூடாது. தொடுதிரை நம் விரலை எப்படி அறிகிறது? கண்ணாடியின் மேல் மெல்லிய மின்புலம் ஒன்று பரவியிருக்கிறது. விரல் பட்ட இடத்தில் அது மாறும். தண்ணீர்த் துளி பட்டாலும் மாறும். கேமரன் மலை மூடுபனியில் நனைந்த கையோடு தொட்டால் திரை தடுமாறுவது அதனால்தான். காய்ப்பு ஏறிய காய்ந்த விரல் பட்டால் சில சமயம் ஒன்றும் நடக்காது. 2001-இல் வந்த மைகார்டு அடையாள அட்டையின் சில்லில் பெருவிரல் ரேகை பதிந்திருக்கிறது. ஆண்டுக்கணக்கில் கைவேலை செய்தவர்களின் ரேகை தேய்ந்துவிடும். "மறுபடியும் வையுங்கள்" என்று முகப்பில் சொல்லச் சொல்ல, பின்னால் நிற்பவர்கள் பார்க்கப் பார்க்க, மனிதர் கூனிப்போகிறார். குளிரூட்டிய அறையில், காய்ந்த மெல்லிய விரல்களை வைத்து மட்டும் சோதித்தால் இந்தக் கோளாறு எப்படித் தெரியும்?

சோதனைக்குப் பெரிய செலவு தேவையில்லை. பள்ளி நோட்டுத் தாளும் பென்சிலும் போதும். ரிங்லட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நாங்கள் அப்படிச் செய்து பார்த்தோம். கல்லூரியில் படிக்கும் அந்த லயத்துப் பிள்ளை ஒருவர், அன்றாடக் கொழுந்து நிறுவையைப் பெற்றோர் கைப்பேசியிலேயே பார்க்க ஒரு செயலி எழுத நினைத்தார். எழுதுவதற்கு முன் ஒவ்வொரு திரையையும் தாளில் வரையச் சொன்னோம். அம்மாமார் தாளில் விரலை வைக்க வேண்டும். வைத்த இடத்துக்கு ஏற்ற அடுத்த தாளை அவர் நீட்டுவார். விதி ஒன்றே ஒன்று: "இதை அமுக்குங்க அக்கா" என்று வாய் திறக்கக் கூடாது. அது எவ்வளவு கடினம் என்பது செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஐந்து பேரை வைத்துப் பார்த்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்று யாக்கோப் நீல்சன் என்ற நிபுணர் 2000-ஆம் ஆண்டில் எழுதினார். ஒரே வயது, ஒரே படிப்பு உள்ள ஐந்து பேர் என்றால் நாங்கள் ஒப்புக்கொள்ள மாட்டோம். ஆகவே எழுத்தறியாத பாட்டி ஒருவரையும், மலாய் மட்டும் படிக்கத் தெரிந்த பெண் ஒருவரையும், நேப்பாளத்திலிருந்து வந்த தொழிலாளி ஒருவரையும் சேர்த்துக்கொண்டோம்.

"நேற்றைய நிறுவையைப் பாருங்கள்" என்றோம். இடப்பக்க அம்புக்குறியைத் தொட்டால் நேற்று வரும் என்பது பிள்ளையின் ஏற்பாடு. முதல் அக்கா அம்பைப் பார்க்கவேயில்லை. தாளின் மேல் ஓரத்தையே தடவிக்கொண்டிருந்தார். ஏன் என்று பிறகு கேட்டோம். "நேத்துன்னா மேல் வரியிலதானே இருக்கும்? நோட்டுல அப்படித்தானே எழுதுவோம்" என்றார். அவர் சொன்னது சரிதான். அம்பை அழித்துவிட்டு நாள்களை ஒன்றன் கீழ் ஒன்றாக வரைந்தோம். அடுத்த இருவர் தடுமாறாமல் பார்த்துவிட்டார்கள்.

நான்காவதாக வந்தவர் பாட்டி. பேத்தி எண்ணை வாசித்துச் சொன்னாள். பாட்டி அந்த எண்ணின் மேல் விரலை வைத்து அழுத்தினார். ஒரு தடவை, இரண்டு தடவை. நீட்ட எங்களிடம் அடுத்த தாள் இல்லை. "என்ன தேடுகிறீர்கள் பாட்டி?" என்று கேட்டோம்.

"நிறுவை தப்பா இருந்தா அதை எங்க சொல்றது?" என்றார்.

பிள்ளை எங்களைப் பார்த்தார், நாங்கள் அவரைப் பார்த்தோம். பார்ப்பதற்கு ஆறு தாள் வரைந்திருந்தோம்; கேட்பதற்கு ஒன்றுகூட இல்லை. அன்று மாலையே ஏழாவது தாள் வரையப்பட்டது. மறுவாரம் அதை எடுத்துக்கொண்டு முதலில் அந்தப் பாட்டி வீட்டுக்குத்தான் போனோம்.