வழியிலும் தொடர வேண்டிய மருத்துவம்
(விழா அரங்கில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)

 

வந்தவாசி, ஆரணி, செய்யாறு பகுதிகளிலுள்ள நம் இல்லங்களின் பிள்ளைகள் பலர் இன்று ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளில் பணிபுரிகின்றனர். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையும் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள் கோவில் சாலையும் அவர்களுடைய அன்றாட வழிகள். கன்டெய்னர் லாரிகளும் தொழிலாளர் பேருந்துகளும் இருசக்கர வாகனங்களும் இரவு பகலாக நெருங்கி ஓடும் சாலைகள் அவை. ஆதலின், உயிருக்குப் போராடும் ஒருவரை ஒரு மருத்துவமனையிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுசெல்லும் இடைநேரத்தைப் பற்றி இன்று சில செய்திகளைக் கூற விரும்புகிறேன்.

விபத்து நேர்ந்தவுடன் உறவினர் உள்ளத்தில் எழும் எண்ணம், ‘உடனே சென்னைக்குக் கொண்டுபோய்விடுவோம்’ என்பதே. அன்பினால் எழும் எண்ணம்தான்; ஆயினும் அதுவே ஆபத்தாகவும் முடியக்கூடும். சென்னை சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. மூச்சு தடைப்பட்டால் சில நிமிடங்களிலேயே மூளை பழுதடையத் தொடங்கும். மூச்சுவழியைத் திறந்து வைத்தல், வெளியே பெருகும் குருதியை நிறுத்துதல், நெஞ்சறையில் சிக்கிய காற்றைக் குழாயிட்டு வெளியேற்றுதல், முறிந்த எலும்பை அசையாமல் கட்டுதல் ஆகியவற்றை அருகிலுள்ள மருத்துவமனையிலேயே செய்துகொண்டு புறப்படுவது நலம். அதேவேளையில், வயிற்றினுள் குருதி கசிபவருக்கு அறுவை மருத்துவமே தீர்வு. அவரை வீணே நிறுத்தி வைத்தலும் தவறு. எதைச் செய்து எப்போது புறப்படுவது என்பதை முதலில் பார்க்கும் மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். நம் பதற்றம் அதை முடிவு செய்தலாகாது.

1966-ஆம் ஆண்டில் பெல்பாஸ்ட் நகரில் பிராங்க் பாண்ட்ரிட்ஜ் என்னும் இதய மருத்துவர், இதயத்தை மீண்டும் இயக்கும் மின்னதிர்ச்சிக் கருவியை ஊர்தியில் ஏற்றி நோயாளியின் இருப்பிடத்திற்கே அனுப்பத் தொடங்கினார். மருத்துவமனையை அடையும்வரை மருத்துவம் காத்திருக்க வேண்டியதில்லை என்பதை அம்முயற்சி உலகிற்கு உணர்த்தியது. தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் தொடங்கிய 108 சேவையிலும், அடிப்படை உயிர்காப்பு ஊர்தியோடு செயற்கைச் சுவாசக் கருவி கொண்ட மேம்பட்ட உயிர்காப்பு ஊர்தியும் உண்டு. வெளித்தோற்றத்தில் எல்லா ஆம்புலன்சும் ஒன்றுபோலவே தோன்றும். உள்ளிருக்கும் கருவிகளிலும் பயிற்சி பெற்ற ஆளிலும்தான் வேறுபாடு.

ஓடும் வண்டியில் நேரக்கூடிய இடர்கள் பல. குலுக்கலில் மூச்சுக்குழாய் நழுவலாம். மருந்து செல்லும் ஊசி விலகலாம். கருவியின் மின்கலம் தீரலாம். குருதி இழந்தவர் குளிரூட்டிய காற்றில் மேலும் குளிர்ந்துபோகலாம். ஆக்சிஜன் கணக்கு ஒன்றை மட்டும் பாருங்கள். பி வகை உருளை ஒன்றில் ஏறக்குறைய 1500 லிட்டர் ஆக்சிஜன் உண்டு. நிமிடத்திற்கு 15 லிட்டர் தேவைப்படுபவருக்கு அது 100 நிமிடங்களே வரும். ஒரு மணி நேரப் பயணத்திற்கு இரண்டு மணி நேர இருப்பு கொள்வதே பாதுகாப்பு. நெரிசலில் வண்டி நின்றாலும் மூச்சு நிற்காது. அவ்வாறாயின் அவருக்கு ஓர் உருளை போதாது.

எனவே புறப்படுமுன் உறவினர் பணிவோடு நான்கு கேள்விகள் கேட்கலாம். நோயாளியுடன் வருபவர் யார், அவருக்கு மூச்சுக்குழாயைக் கையாளத் தெரியுமா? ஆக்சிஜனும் மின்கலமும் எவ்வளவு நேரம் வரும்? சென்று சேரும் மருத்துவமனையில் பேசிப் படுக்கை உறுதியாயிற்றா? செய்த சிகிச்சை, கொடுத்த மருந்து, எடுத்த ஸ்கேன் ஆகியவற்றின் குறிப்பு உடன் வருகிறதா? இவற்றுக்கு விடை கிடைக்க ஐந்து நிமிடங்கள் போதும்.

சட்டமும் அரசும் நமக்குத் துணை நிற்கின்றன. 500 பேருக்கு மேல் பணிபுரியும் தொழிற்சாலையில் ஆம்புலன்ஸ் அறை இருக்க வேண்டும் என்பது 1948 முதலே உள்ள விதி. உங்கள் பிள்ளை பணிபுரியும் ஆலையில் அவ்வறை இரவுப் பணிநேரத்திலும் இயங்குகிறதா என்று கேட்டறியுங்கள். 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கப்பெற்ற ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம், சாலை விபத்தில் காயமுற்றோருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சையைத் திட்டத்தில் இணைந்த மருத்துவமனைகளில் கட்டணமின்றி வழங்குகிறது. ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த தொழிலாளிக்கும் அது உரியது. விபத்துற்றவருக்கு நல்லெண்ணத்தோடு உதவுபவரைக் காக்க, மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் 134ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. தம் பெயரைக் கூறும்படி அவரை எவரும் கட்டாயப்படுத்த இயலாது.

அபயதானமும் ஔஷததானமும் நம் முன்னோர் போற்றிய அறங்கள். சாலையோரம் கிடப்பவர் எவராயினும் தயங்காது 108-ஐ அழைப்பது அவ்விரண்டிலும் சேரும். இவ்விழா முடிந்து இல்லம் திரும்பியதும், ஆலையில் பணிபுரியும் நம் பிள்ளைகளுக்கு அந்த நான்கு கேள்விகளையும் எழுதிக் கொடுங்கள் என்று வேண்டி அமைகிறேன்.