சினத்தின் முதல் நிமிடங்கள்
(அரியாங்குப்பம் ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



குடும்பப் பிணக்குகள் ஜமாஅத்தின் முன் வரும்போது, "ஏதோ ஒரு வேகத்தில் சொல்லிவிட்டேன்" என்னும் சொல்லை நாம் அடிக்கடி கேட்கிறோம். அந்த வேகம் எத்தகையது என்பதை இன்றைய அறிவியல் ஓரளவு விளக்குகிறது.

அச்சமோ கடுஞ்சினமோ மிகும்போது, சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரினல் சுரப்பிகள் விழித்தெழுகின்றன. நொடிகளில் அட்ரினலின் இரத்தத்தில் கலந்து நெஞ்சு படபடக்கிறது. சில நிமிடங்களில் கார்ட்டிசால் பெருகத் தொடங்கி, ஏறத்தாழ 20 முதல் 30 நிமிடங்களில் உச்சத்தை எட்டி, மூளையினுள்ளும் புகுகிறது.

இந்த ஹார்மோன் மரபணுக்களின் வழியே மெதுவாகத்தான் செயல்படும் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 2005இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் சுண்டெலிகளின் மூளையில் வேறொன்றைக் கண்டனர். நினைவைப் பேணும் ஹிப்போகாம்பஸ் பகுதியில், எலிகளுக்குரிய இவ்வகை ஹார்மோன் பட்ட சில நிமிடங்களிலேயே, நரம்பணுக்கள் குளூட்டமேட் என்னும் தூண்டுபொருளை மிகுதியாக வெளியிட்டன. ஹார்மோனை நீக்கியதும் அந்நிலை தணிந்தது.

ஆயினும் எல்லாம் தணிந்துவிடுவதில்லை. பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் சுமந்த்ர சட்டர்ஜி குழுவினர் அதே ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், எலிகள் ஒரேயொரு முறை 2 மணி நேரம் அசையவிடாது வைக்கப்பட்டன. மறுநாள் மாற்றமில்லை. 10 நாள் கழித்துப் பார்த்தபோது, அச்சத்தை ஆளும் அமிக்டலாவில் நரம்பணு இணைப்புக்கான நுண்முகிழ்கள் பெருகியிருந்தன, பதற்றமும் மிகுந்திருந்தது.

விலங்குகளில் கண்டதை அப்படியே மனிதர்க்குப் பொருத்தலாகாது. எனினும் நமக்கு இரு படிப்பினைகள் உள. சினம் பொங்கும் வேளையில் உறவை முறிக்கும் முடிவை எடுக்கலாகாது. பொதுத்தேர்வு முடிவு வரும் நாளில் நாம் பிள்ளையை மிரட்டி மறந்துவிடலாம். அது பிள்ளையின் உள்ளத்தில் தங்கிவிடக்கூடும்.

சினமுற்றவர் நின்றிருந்தால் அமரவும், அப்போதும் தணியாவிடில் படுத்துக்கொள்ளவும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியுள்ளார்கள். உடல் தணியக் காலம் வேண்டும். அக்காலத்தை அந்த அமர்தல் தருகிறது.

படபடப்பும் உறக்கமின்மையும் நாள்கணக்கில் நீடித்தால் மறைத்து வைக்க வேண்டா. ஜிப்மரில் மனநல மருத்துவப் பிரிவு உள்ளது. 14416 என்னும் டெலி மனாஸ் எண்ணிலும் இலவசமாக ஆலோசனை பெறலாம். நோய்க்கு மருந்து தேடுதலும் நம் மார்க்கம் காட்டிய வழியே.

நம் இல்லங்களில் பொறுமையும் அமைதியும் நிலைக்க வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.