ஊர்ப்பணமும் ஊர்க்காப்பும்



பழங்கட்டடங்களையும் மக்கள் உலாவும் வெளிகளையும் காப்பது அரசின் கடன் என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வது எளிது. அதற்காகும் பணம் எவர் மடியிலிருந்து வருவது, அதனைச் செலவிடும் உரிமை எவர் கையில் இருப்பது என்று கேட்கும்போதுதான் சிக்கல் தொடங்குகின்றது. அமெரிக்க ஒன்றிய நாட்டின் வடகிழக்கிலுள்ள மாசாச்சூசெட்சு மாநிலம் இவ்விரு வினாக்களுக்கும் ஒரு விடை கண்டுள்ளது. குறைகள் உடையதேனும் அவ்விடை ஆராயத்தக்கது.

அம்மாநிலத் தலைநகராகிய பாசுடனின் நடுவே, 'பொது' என்றே பொருள்படும் பெயருடன், ஏறத்தாழ 50 ஏக்கர் திறந்தவெளி ஒன்று உள்ளது. 1634-இல் வில்லியம் பிளாக்சுடன் என்பாரிடமிருந்து 30 பவுனுக்கு ஊரார் வாங்கிய நிலம் அது. குடும்பத்தலைவர் ஒவ்வொருவரும் ஆறு சில்லிங்குக்குக் குறையாமல் இறுத்தனர். சிலர் மிகுத்தும் கொடுத்தனர். படைப்பயிற்சிக்கும் ஆன்மேய்ச்சலுக்குமாக ஒதுக்கப்பட்ட அவ்வெளியில் 1830-இல் மேய்ச்சல் நின்றது. நிலமோ இன்றளவும் மக்களுடையதாகவே நிற்கின்றது.

அவ்வெளிக்கு எதிரிலேயே இதற்கு மாறான ஒரு நிகழ்ச்சியும் நடந்தது. அமெரிக்க விடுதலை அறிக்கையில் முதற் கையெழுத்திட்ட சான் ஆன்காக்கு வாழ்ந்த கல்வீடு 1863-இல் இடித்துத் தள்ளப்பட்டது. அதனைக் காக்க விரும்பியவர்கள் இல்லாமலில்லை. விலைகொடுத்து வாங்கப் பொதுப்பணந்தான் முன்வரவில்லை. வெறும் விருப்பம் எந்தக் கூரையைத் தாங்கியது?

2000 செப்தம்பர் 14-ஆம் நாள் ஆளுநர் பால் செலுச்சி கையெழுத்திட்ட குமுகாயப் பேணுகைச் சட்டம் இக்குறையைப் போக்க எழுந்தது. அதன் நடைமுறை இது: ஓர் ஊர் விரும்பினால், தன் சொத்துவரியின்மேல் 3 விழுக்காடு வரை மிகைவரி விதித்துக்கொள்ளலாம். மாநில அரசு தானாக எவ்வூர்மீதும் இதனைச் சுமத்த இயலாது; ஊரார் ஒப்போலையிட்டு இசைந்தால்தான் சட்டம் அவ்வூரிற் செல்லும். 3 விழுக்காடு என்பது சொத்தின் மதிப்பிலன்று, வரியில் என்பதைக் கருதுக. ஆண்டுக்கு 5,000 தாலர் வரி இறுப்பவர்க்கு மிகைச்சுமை 150 தாலர். குறைந்த வருவாயினரை அதனின்றும் விலக்கவும், வீட்டு மதிப்பில் முதல் 1,00,000 தாலரைக் கழித்துவிடவும் ஊர்க்கு உரிமை உண்டு.

திரண்ட பணத்தைப் பங்கிடும் முறையில்தான் இச்சட்டத்தின் தனிச்சிறப்பு உள்ளது. திறந்தவெளிக்குப் பத்தில் ஒரு பங்கு. வரலாற்றுச் சின்னங்களுக்குப் பத்தில் ஒரு பங்கு. எளியோர் வாழத்தக்க குடியிருப்புக்கும் பத்தில் ஒரு பங்கு. இவற்றுள் எதனையும் குறைத்தல் கூடாது. எஞ்சியதை இம்மூன்றனுள் எதற்கும் ஊரார் செலவிடலாம். பழைய கல்லுக்கு இரங்கும் ஊர், குடிக்கூலி கொடுக்கவியலாமல் வெளியேறும் ஏழைக்கும் இரங்கியே ஆகவேண்டும். பழமை காப்போர் செல்வர்களின் கண்ணுக்கு அழகு தேடுபவரே என்னும் பழிச்சொற்கு இதனினும் நேரான மறுமொழி இல்லை. கேம்பிரிட்சு நகரம் இப்பணத்தில் 80 விழுக்காட்டைக் குடியிருப்புக்கே ஒதுக்கியது.

முடிவெடுக்கும் உரிமையும் ஒருவர் கையில் குவியவில்லை. ஐவர் முதல் ஒன்பதின்மர் வரை கொண்ட குழு ஆராய்ந்து பரிந்துரைக்கும். ஊரவை ஏற்கும், குறைக்கும், அல்லது தள்ளும். குழு சொன்ன தொகையைக் கூட்ட ஊரவையால் முடியாது. ஊரவையின்றி ஒரு காசும் செலவிடக் குழுவால் முடியாது. சிற்றூர்கள் பலவற்றில் ஊரவை என்பது ஒப்போலை உரிமையுடைய அனைவரும் கூடும் மன்றமே.

எனினும் சட்டத்தின் சொல் சில இடங்களில் ஊராரின் கையைக் கட்டியது. நியூட்டன் நகரம் தன் பழைய பூங்காக்களைத் திருத்த முனைந்தபோது, இப்பணத்தால் வாங்கவோ உருவாக்கவோ படாத விளையாட்டிடங்களுக்கு அதனைச் செலவிடலாகாது என்று 2008-இல் மாநில உச்ச முறைமன்றம் தீர்த்தது. புதுத்திடல் அமைக்கலாம், குழந்தைகள் ஏற்கெனவே ஆடும் திடலைச் செப்பனிடல் ஆகாது! 2012-இல் சட்டம் திருத்தப்பெற்ற பிறகே அவ்விடர் நீங்கியது.

ஆக்டன் ஊரில் எழுந்த வழக்கு இன்னும் ஆழமானது. அங்குள்ள கிறித்தவக் கோயிலின் வண்ணக் கண்ணாடிப் பலகணிகளைச் செப்பனிட ஊர்ப்பணம் ஒதுக்கப்பட்டது. அவை வரலாற்றுச் சின்னங்கள் என்றனர் ஒருசாரார். இயேசுவின் உருவும் சிலுவையும் பொறித்த பலகணிக்கு அந்நெறி சாராதவன் ஏன் வரியிறுக்க வேண்டும் என்றனர் மறுசாரார். 2018-இல் உச்ச முறைமன்றம் அப்பணத்தைத் தடுத்தது. ஆயினும் கோயிற் கட்டடம் எதற்குமே பொதுப்பணம் கூடாதென்று அது கதவடைத்துவிடவில்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியே ஆராய்க என்றது. தீர்ப்பு சரியே. கட்டடத்தைக் காப்பதும் வழிபாட்டைத் தாங்குவதும் எங்கே பிரிகின்றன என்பதை ஊருக்கு ஊர் பார்த்தே சொல்ல இயலும்.

இவற்றினும் பெரிய இடர் மாநிலத்தின் ஈட்டுப்பங்கில் உள்ளது. நிலப்பதிவகங்களில் ஆவணம் பதிவோர் பெரும்பாலும் 20 தாலர் மிகைக்கட்டணம் இறுத்தனர். அத்தொகை சட்டத்தை ஏற்ற ஊர்களுக்குப் பிரித்தளிக்கப்பட்டது. தொடக்கத்தில் ஊர் திரட்டிய ஒவ்வொரு தாலருக்கும் மாநிலம் ஒரு தாலர் தந்தது. 2008 முதல் அது குறைந்தது. 2018-இல் அடிப்படைப் பங்கு ஐந்தில் ஒன்றுக்கும் கீழிறங்கியது. 2019 திசம்பர் இறுதியில் கட்டணத்தை 50 தாலராக உயர்த்தியே அதனை மீட்க வேண்டியதாயிற்று.

கட்டணத்தை இறுப்பவர் மாநிலம் முழுவதிலும் உள்ளோர். பெறுவன இசைந்த ஊர்கள் மட்டுமே. 2001-இல் இச்சட்டத்தை மறுத்த பாசுடன் மக்கள், வீடு வாங்கும்போதெல்லாம் பிறவூர்களின் பூங்காக்களுக்குப் பணம் தந்துகொண்டிருந்தனர். 2016 நவம்பரில் அவர்கள் மீண்டும் ஒப்போலையிட்டு, 1 விழுக்காட்டு மிகைவரியுடன் இச்சட்டத்தை ஏற்றனர். செல்வ வளம் குன்றிய சுபிரிங்பீல்டும் ஓலியோக்கும் அதே நாளில் ஏற்றன. 351 ஊர்களுள் பாதிக்கு மேற்பட்டவை இன்று இதனுள் வந்துவிட்டன. புதிதாய் ஓர் ஊர் இசையும்போதெல்லாம் ஏனைய ஊர்களின் ஈட்டுப்பங்கு சிறிது தேய்கின்றது.