கையில் வந்த கூடுதல் சீட்டு



இன்று நாம் ஒரு சீட்டு விளையாட்டைப் பற்றிச் சிந்திப்போம். பணம் வைத்து ஆடும் சீட்டோ என்று யாரும் பதற வேண்டாம். 1993-இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் கார்ஃபீல்டு என்ற கணிதவியலாளரின் எண்ணத்தில் பிறந்து வெளிவந்த 'மேஜிக்: தி கேதரிங்' அது. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு படம், அதன்கீழ் அந்தச் சீட்டுக்குரிய விதி. ஆளுக்கு ஒரு கட்டு. ஏழு சீட்டுகளோடு தொடங்கி, தம் முறை வரும்போது ஒவ்வொன்றாக எடுப்பார்கள்.

போட்டியில் ஒருவர் ஒன்றுக்குப் பதிலாக இரண்டை எடுத்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சீட்டுகள் ஒட்டிக்கொண்டிருந்திருக்கும். இரண்டும் கையில் இருந்தவற்றோடு கலந்தும்விட்டன. இனி எது கூடுதல் சீட்டு என்று யாரால் சொல்ல முடியும்? கையை உயர்த்தி நடுவரை அழைக்கிறார்கள்.

நம் வீடுகளில் ஒரு கண்ணாடி டம்ளர் உடைந்தால், "கண் எங்கே போச்சு?" என்ற சத்தம்தான் முதலில் கேட்கும். அந்த நடுவரோ, "என்ன நடந்தது?" என்று கேட்கிறார். இருவர் சொல்வதையும் கேட்கிறார். பிறகு, தவறியவர் தம் கைச்சீட்டுகளை எதிராளியிடம் காட்ட வேண்டும். எதிராளி அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். அது கட்டுக்குள் திரும்பிக் கலந்துவிடும். பெரும்பாலும் மிக நல்ல சீட்டுதான் போகும்! ஓர் எச்சரிக்கையும் பதிவாகும். தவறியவரை அவமானப்படுத்துவதில்லை, ஆனால் தவறால் அவருக்கு ஆதாயம் கிடைக்கவும் விடுவதில்லை.

வேறு சில தவறுகள் தாமதமாகவே கண்ணில் படும். சில நகர்வுகள்தான் ஆகியிருந்தால், கடைசியில் செய்ததிலிருந்து ஒவ்வொன்றாகப் பின்னோக்கி அவிழ்ப்பார்கள். வெகுதூரம் போயிருந்தால், பிரித்தால் இன்னும் சிக்கலாகும் என்று, இருக்கிற நிலையிலேயே தொடரச் சொல்வார்கள். எதிரே இருந்தவர் அதைக் கவனிக்காமல் விட்டிருந்தால், அவருக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. மேசைமேல் நடப்பதற்கு இருவரும் பொறுப்பு என்பது அவர்கள் கணக்கு. நமக்கு இது சற்றுக் கடுமையாகவே தோன்றுகிறது.

ஆனால் ஓர் இடத்தில் மட்டும் இந்தப் பொறுமைக்கு இடமில்லை. விதிமீறல் என்று தெரிந்தும், ஆதாயத்துக்காக ஒருவர் வாய்மூடி இருந்தால் அது ஏமாற்று, போட்டியிலிருந்தே நீக்கப்படுவார். எதிராளியின் பிழையைக் கண்டு மறைத்தாலும் அப்படித்தான். முழு அறிவும் முழுச் சம்மதமும் இருந்ததா என்று பாவத்தைப் பற்றித் திருஅவை கேட்கும் கேள்விக்கு இது வெகு அருகில் இருக்கிறது. அதே கூடுதல் சீட்டுதான். எடுத்த கணத்தில் அது கைத்தவறு, தெரிந்தபின் ஒளித்துவைத்தால் வஞ்சகம்.

நடுவரின் தீர்ப்பு சரியில்லை என்று தோன்றினால், இருவரில் யாரும் தலைமை நடுவரிடம் முறையிடலாம். அவர் சொல்வது இறுதி. விசாரணையில் கழிந்த நிமிடங்களை ஆட்ட நேரத்தோடு கூட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். இருவரும் மீண்டும் சீட்டுகளைக் கையில் எடுக்கிறார்கள்.