விட வேண்டியதும் விடக்கூடாததும்



தாயகத்தை விட்டு நாட்டின் பல பகுதிகளிலும் பரவி வாழும் நம் குடும்பங்களில், பிள்ளைகள் எந்த விளையாட்டைக் கற்க வேண்டும் என்ற பேச்சு எழுந்தால், முன்னெல்லாம் கிரிக்கெட்டும் பூப்பந்தும்தாம் நினைவுக்கு வரும். இன்று நிலைமை சற்று மாறியிருக்கிறது. மும்பைத் துறைமுகத்திலும், ஐதராபாத்தின் உசேன் சாகர் ஏரியிலும், போபாலின் பெரிய ஏரியிலும், கோவாக் கடற்கரையிலும் பாய்ப்படகு செலுத்தக் கற்றுத்தருகின்றனர். 2021ஆம் ஆண்டில் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக் போட்டிகளில் சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணனும் வேலூரைச் சேர்ந்த விஷ்ணு சரவணனும் பாய்ப்படகு செலுத்தினர். ஆதலின் இவ்விளையாட்டு நமக்கு அந்நியமானதன்று.

ஆயினும், பிள்ளையைத் தண்ணீருக்கு அனுப்பிவிட்டுக் கரையில் நிற்கும் தாய்தந்தையர் நெஞ்சில் ஓர் அச்சம் இருக்கத்தான் செய்கிறது. அந்த அச்சத்தை நாம் எள்ளி நகையாடப் போவதில்லை. காற்றால் இயங்கும் நீர் விளையாட்டுகளில் காயங்கள் எவ்வாறு உண்டாகின்றன, அவற்றை எவ்வாறு தவிர்க்கலாம் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் காற்றின் இயல்பை அறிந்துகொள்வோம். காற்றின் வேகம் இரு மடங்கானால், பாயின்மேல் அது செலுத்தும் விசை இரு மடங்கு ஆவதில்லை. நான்கு மடங்கு ஆகிறது. 10 நாட் வேகத்தில் வீசும் காற்றில், அதாவது மணிக்குச் சுமார் 18 கிலோமீட்டரில், எளிதாகப் பிடித்த பாயை 20 நாட் காற்றில் அவ்வாறே பிடிக்க முயல்வது, ஒருவர் இழுத்த கயிற்றின் மறுமுனையில் நால்வர் வந்து நின்றதற்கு ஒப்பாகும். நம் கைவலிமையோ அப்படியேதான் இருக்கிறது. ஆகவே இவ்விளையாட்டின் முதற்பாடம் பிடிப்பதன்று, விடுவதே.

சிறிய பாய்ப்படகை எடுத்துக்கொள்வோம். பாயின் அடிப்பக்கத்தில் கிடையாக ஒரு கம்பு இருக்கும். மாலுமிகள் அதைப் பூம் என்பர். காற்று பின்புறமிருந்து வீசும்போது படகைத் திருப்பினால், அந்தக் கம்பு ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு ஒரே வீச்சில் பாயும். தலை குனியாதவர் மண்டையில் அடிபடுவர். பாய்ப்படகில் நேரும் கடுமையான தலைக்காயங்களுக்கு இதுவே முக்கிய காரணம். அடுத்தது கைக்காயம். பாயை அடக்கும் கயிற்றைச் சிலர் உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொள்வர். திடீரென்று காற்று ஓங்கினால் அந்தக் கயிறு தோலை உரித்துவிடும், விரலையும் நசுக்கிவிடும். கயிற்றைச் சுற்றாமல் பிடித்திருப்பவரோ கையைத் தளர்த்தினாற் போதும். பாய் படபடத்து, காற்றை இழந்து, படகு நிமிர்ந்துவிடும்.

இனி, ஒருவர் நின்றவாறே செலுத்தும் பாய்ப்பலகை. இது 1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் முதன்முதலாக இடம்பெற்றது. வேகமாகச் செல்வோர் பலகையின் மேலுள்ள வார்களில் பாதத்தை நுழைத்துக்கொள்வர். விழும்போது உடல் ஒருபுறம் வீசப்பட, பாதம் வாரில் சிக்கி நின்றுவிடுகிறது. அதனால் கணுக்கால் சுளுக்குகிறது. சில சமயம் பாதத்தின் நடு எலும்புகளே முறிகின்றன. வார் மிகத் தளர்ந்திருந்தால் பாதம் கணுக்கால் வரை உள்ளே போய்விடும். ஆகவே எளிதில் வெளிவரும் அளவுக்கே பாதம் நுழையுமாறு வாரை அமைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, பெரிய பட்டத்தை வானில் ஏற்றி, அதன் இழுப்பில் அலைமேல் செல்லும் பட்டச்சறுக்கு. நம் ராமேசுவரக் கரையிலும் இதைக் கற்பிக்கிறார்கள். 2024ஆம் ஆண்டுப் பாரிஸ் ஒலிம்பிக்கில், மார்சேய் நகரின் கடலில், இதற்கும் முதன்முறையாகப் போட்டி நடந்தது. பட்டத்தின் கயிறுகள் பெரும்பாலும் இருபது மீட்டருக்கு மேல் நீண்டவை. பட்டம் இடுப்புக் கச்சையோடு இணைக்கப்பட்டிருக்கிறது. கட்டுக்கு அடங்காத பட்டம் மனிதனைத் தூக்கிச் சென்று, கரையிலுள்ள கல்லிலோ சுவரிலோ மோதிவிடக்கூடும்.

இவ்விளையாட்டைப் பற்றி ஜெர்மானிய மருத்துவர்கள் நடத்திய ஓர் ஆய்வு 2004இல் வெளியாயிற்று. அவர்கள் 235 பேரை ஆறு மாத காலம் கவனித்தனர். 124 காயங்கள் பதிவாயின. ஓர் உயிரும் போயிற்று. மிகுதியாக அடிபட்ட உறுப்பு பாதமும் கணுக்காலும், அதற்கடுத்தது தலை. நாம் கருத்தில் வைக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பாதிக்கும் மேற்பட்ட காயங்கள், பட்டம் கட்டுமீறிய வேளையில் அதைக் கச்சையிலிருந்து கழற்றிவிட இயலாமற் போனதால் நேர்ந்தவை. இன்று வரும் கருவிகளில் ஒரே தள்ளலில் பட்டத்தை விடுவிக்கும் விசை உண்டு. ஆனால் விசை இருந்தாற் போதுமா? அச்சத்தில் கை அதைத் தேடித் தடுமாறலாம். கண்ணை மூடிக்கொண்டும் கை தானே அவ்விடத்துக்குச் செல்லும்வரை கரையிலேயே பழகிய பின்னர்தான் நீரில் இறங்க வேண்டும்.

விட வேண்டியதைப் பார்த்தோம். விடக்கூடாதது ஒன்றும் உண்டு. அதை நாம் நம் குடும்பத்திலேயே கற்றுக்கொண்டோம்.

சில ஆண்டுகளுக்கு முன், தை மாதத்தில், நம் மருமான் கோவாவில் பாய்ப்பலகை பழகினான். அங்கு அப்பருவத்தில் காலை வேளையில் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசும். கரையோரத்தில் நீர் கண்ணாடி போலக் கிடந்தது. அதைக் கண்டு நாமும் மகிழ்ந்தோம். அந்த அமைதியே ஏமாற்று என்பதை அறியோம். சற்று நேரத்தில் பலகை அவனைக் கடலுக்குள் இழுத்துச் சென்றது. திரும்பி வரத் தெரியாத பிள்ளை, பாயை மட்டுமன்றிப் பலகையையும் விட்டுவிட்டுக் கரையை நோக்கி நீந்தத் தொடங்கினான். கரை அருகில்தான் தெரிந்தது. ஆனால் அவன் நீந்தியும் அது நெருங்கவில்லை.

வலை எடுத்துத் திரும்பிய ஒரு மீனவர் அவனைப் படகில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்த்தார். அவர் கொங்கணியில் சொன்னது நமக்குப் புரிந்த அளவில் இது: "பலகை மிதந்துகொண்டிருந்தது, தூரத்திலிருந்தே கண்டேன். பையனின் தலையைத் தேடிப் பிடிக்கத்தான் நேரமாயிற்று." மிதக்கும் பொருள் பெரிதாய்த் தெரியும், மனிதத் தலை அலையில் மறைந்துபோகும். அன்றிலிருந்து நம் வீட்டில் இது ஒரு வாய்பாடாகிவிட்டது: பாயை விடு, பலகையை விடாதே.

இதே உண்மையை உலகம் அறிய மெய்ப்பித்தவர் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி. தனியொருவராக உலகைச் சுற்றும் பந்தயத்தில், 2018 செப்டம்பர் 21 அன்று தென்னிந்தியப் பெருங்கடலில் புயல் அவர் படகைப் புரட்டிப் பாய்மரத்தை முறித்தது. முதுகெலும்பில் கடுங்காயமுற்று அவர் அசைய இயலாமற் கிடந்தார். படகு மிதந்தது, அவர் அதிலேயே இருந்தார். இந்தியக் கடற்படை விமானம் படகைக் கண்டறிந்தது. செப்டம்பர் 24 அன்று பிரெஞ்சுக் கப்பல் ஒன்று அவரை மீட்டது. பின்னர் உடல் தேறி, அதே பந்தயத்தில் மீண்டும் கலந்துகொண்டு, 2023 ஏப்ரலில் இரண்டாம் இடத்தை எய்தினார்.

இனி, அடிபட்டவர் கரைக்கு வந்த பின் செய்ய வேண்டுவன சில. தலையில் அடிபட்டவர் எழுந்து நடந்தாலும் அன்று மீண்டும் நீரில் இறங்கலாகாது. வாந்தி, குழப்பம், மிகுகின்ற தலைவலி, எழுப்பியும் தெளியாத தூக்கம் ஆகியவற்றுள் ஒன்று காணினும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். கழுத்திலோ முதுகிலோ வலி என்பவரைப் புரட்டவோ உட்காரவைக்கவோ கூடாது. சுளுக்கு என்றதும் எண்ணெய் தடவி உருவுவது நம் வழக்கம். எலும்பு முறிந்திருந்தால் அது கேட்டை வளர்க்கும். துணியில் சுற்றிய பனிக்கட்டியை வைத்து, காலை உயர்த்தி வைப்பதே நன்று. நான்கு அடி ஊன்றி நடக்க இயலாவிட்டால் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். நீரைக் குடித்தவருக்கு இருமலோ மூச்சுத் திணறலோ நீடித்தால் மருத்துவரிடம் காட்டத் தாமதிக்கலாகாது.

பெற்றோர் முன்கூட்டியே கேட்க வேண்டிய கேள்விகளும் உண்டு. பிள்ளைக்கு அளவான மிதவைச் சட்டையும் தலைக்கவசமும் தருகிறார்களா? மீட்புப் படகு ஆயத்தமாக இருக்கிறதா? எவ்வளவு காற்றுக்கு மேல் பயிற்சியை நிறுத்துவார்கள்? காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசும் வேளையில் புதியவர்களை அனுப்புவார்களா? இவற்றைக் கேட்பது பிள்ளையின் ஆர்வத்துக்குத் தடை போடுவதாகாது. நல்ல ஆசிரியர் இவற்றை மகிழ்ந்து விளக்குவார். விளக்கத் தயங்குபவரிடம் பிள்ளையை ஒப்படைப்பதைப் பற்றி நாம் மறுமுறை சிந்திக்கலாம்.

காற்று யாருக்கும் பகையன்று, யாருக்கும் ஏவலாளுமன்று. எப்போது கையைத் தளர்த்துவது, எதைக் கடைசிவரை பற்றி நிற்பது என்னும் இரண்டையும் அறிந்த பிள்ளை, மாலையில் உப்புப் படிந்த முகத்தோடு நம் வீட்டு வாசலுக்குத் திரும்பி வருவான். அவனை அப்படி வரவேற்பதுதானே நாம் வேண்டுவது?